பிரேக்கை விடுகிற இடம்

சென்ற இதழில் ட்ராக் டே பற்றி எழுதியபோது, சொந்தக் காரை எடுத்துக்கொண்டு போய் ரேஸ் ட்ராக்கில் ஓட்டலாம் என்பதே பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கும் என்று நினைத்தேன். வந்த கடிதங்களைப் பார்த்தால் ஏற்கெனவே போய் வந்தவர்கள்தான் அதிகம். வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, சித்தூர், கோவிந்தாபுரம் என்று தமிழ்நாட்டு எல்லைக்கு இந்தப் பக்கம், பாலக்காட்டில் இருக்கிற நம் ஆட்களுக்குக் கோவை செட்டிபாளையத்தில் இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் ட்ராக் பக்கத்து ஊர் மாதிரி. விடிகாலையில் ஒரு சாயா குடித்துவிட்டுக் கிளம்பினால் முதல் செஷனுக்கு முன்பே போய் நின்றுவிடலாம். எல்லோரும் கேட்பது ஒன்றேதான்: லேப் நேரத்தை எப்படிக் குறைப்பது? அதனால் இந்த மாதம் மற்ற கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணா, செகண்ட் ஹேண்டில் போர்ஷே 718 கேமன் வாங்கி ஒரு வருஷம் ஆகிறது. மூன்று தடவை செட்டிபாளையம் போய்விட்டேன். 300 குதிரைத்திறன் இருந்தும், நண்பனுடைய போலோ லேப்புக்கு இரண்டு விநாடிதான் பின்னால் வருகிறது. நல்ல டயர் போடட்டுமா, எக்ஸாஸ்ட் மாற்றட்டுமா? எதில் முதலில் பணம் போடுவது?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

தம்பி, இப்போதைக்கு எதிலும் போடாதீர்கள். கரி ட்ராக் மொத்தமே 2.1 கிலோமீட்டர்தான், ஒரு வளைவு முடிந்து மூச்சு விடுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும், உங்கள் 300 குதிரைக்கும் ஓடுவதற்கு அங்கே இடம் குறைவு. நண்பர் உங்களை நெருங்குவது வளைவுக்குள். அதிலும், வளைவுக்குள் நுழைகிற அந்த ஒரு விநாடியில்.

போன மாதம் உங்களைப் போலவே ஒருவர் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனேன். ரோட்டைப் பார்க்கவே இல்லை, அவருடைய வலது காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரேக்கை மிதித்தது நன்றாகத்தான் இருந்தது, தயக்கம் இல்லாமல் அழுத்தமாக மிதித்தார். ஆனால் வளைவு வந்ததும், சூடான தோசைக்கல்லில் கை பட்டவர் மாதிரி, ஷூ பெடலை விட்டுச் சட்டென்று எழும்பியது. அதற்கப்புறம்தான் ஸ்டியரிங்கைத் திருப்பினார். முன்பக்கம் கீழே அமுங்கியிருந்த கார் அந்த நொடியில் மூக்கைத் தூக்கிவிட்டது. முன் டயரின் மேல் இருந்த பாரம் போய்விட்டது. பாரம் இல்லாத டயருக்குப் பிடி ஏது? ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் கார் வெளிப்பக்கமாகவே போகிறது, டயர் தேய்ந்து முனகுகிறது, அவர் அபெக்ஸ், அதாவது வளைவின் உள் ஓரத்தைக் கார் தொடுகிற இடம், தாண்டும்வரை ஆக்ஸிலரேட்டரைத் தொட முடியாமல் காத்திருக்கிறார். நேரம் போகிற இடம் அதுதான். பிரேக்கை மிதிக்க எல்லோருக்கும் வந்துவிடுகிறது, விடுவதற்குத்தான் பழக வேண்டியிருக்கிறது.

நம் சித்தூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். வாய்க்காலில் வருகிற தண்ணீர் ஒரே அளவு. இரண்டு மடை இருக்கிறது. ஒன்றை மெல்ல மெல்ல அடைக்க அடைக்க இன்னொன்றை மெல்ல மெல்லத் திறந்தால் ஒரு சொட்டும் வீணாகாது. டயரின் பிடியும் அப்படித்தான், ஒரு மடை பிரேக், இன்னொரு மடை ஸ்டியரிங். நீங்கள் செய்வது முதல் மடையை முழுக்க அடைத்துவிட்டு, கொஞ்ச நேரம் சும்மா நின்று, பிறகு இரண்டாவதைத் திறப்பது. இடையில் போன தண்ணீர் போனதுதான். ஒரே ஒரு வித்தியாசம், அதுவும் நமக்குச் சாதகமான வித்தியாசம்: தண்ணீரில் பாதியை ஒரு பக்கம் விட்டால் மறுபக்கம் பாதிதான் மிஞ்சும், டயரில் அப்படி இல்லை. பிடியில் பாதியை பிரேக்குக்குக் கொடுத்தாலும் திரும்புவதற்குக் கிட்டத்தட்ட 87 சதவீதம் மிச்சம் இருக்கும். செங்கோண முக்கோணக் கணக்கு அது, பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். அதனால் பிரேக்கைப் பாதி விட்ட நிலையிலேயே கார் தாராளமாகத் திரும்பும், பயப்பட வேண்டாம்.

செய்ய வேண்டியது இது. இப்போது பிரேக் பிடிக்கிற இடத்துக்குப் பத்து மீட்டர் முன்னாலேயே பிடியுங்கள். முதல் மிதி அதே அழுத்தத்தில் இருக்கட்டும். அப்புறம் ஸ்டியரிங் திரும்பத் தொடங்கும்போதே கணுக்காலை மட்டும் அசைத்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டு காலை எடுங்கள். மூன்று சொல்லும்போது பெடலில் ஷூவின் எடை மட்டும் இருக்க வேண்டும். அதே சமயம் கண் அபெக்ஸில் இருக்கக் கூடாது, அதைத் தாண்டி வெளியேறுகிற இடத்துக்குப் போயிருக்க வேண்டும். சரியாக விட்டால் உங்களுக்கே தெரியும், முன்பக்கம் அமுங்கிய நிலையிலேயே கார் உள்ளே இழுத்துக்கொண்டு போகும், ஸ்டியரிங்கில் ஒரு கனம் இருக்கும், டயர் கத்தாது. எல்லா வளைவிலும் ஒரே நாளில் செய்து பார்க்காதீர்கள், ஒரு செஷனுக்கு ஒரு வளைவு போதும். நான் சொன்ன அந்த நண்பர் ஸ்ட்ரெய்ட் என்கிற நேர்ப் பாதைக்கு முந்தின வளைவை மட்டும் அன்று முழுக்கப் பழகினார், சாயங்காலம் அவர் நேரம் ஒரு விநாடிக்கு மேல் இறங்கியிருந்தது.

பத்து மீட்டர் முன்னால் பிடித்தால் நேரம் கூடாதா என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 150 வேகத்தில் வந்து 70-க்கு இறங்குகிற இடத்தில், ஐந்து மீட்டர் தள்ளி பிரேக் பிடித்தால், எல்லாம் சரியாக நடந்தாலும் கிடைப்பது 0.14 விநாடி அளவுதான். அந்த ஐந்து மீட்டர் ஆசையில் அபெக்ஸைத் தவறவிட்டு, அடுத்து வருகிற 500 மீட்டரில் சராசரி வேகம் 133-க்குப் பதில் 130 ஆனால் போவது 0.3 விநாடி. பத்து மீட்டர் முன்னால் பிடித்தால் முதலில் கொஞ்சம் போகும்தான், ஆனால் வெளியேறுகிற வேகம் அதை அடைத்துவிட்டு மேலே மிச்சமும் தரும். காலை விடுவது பழகிய பிறகு பிரேக்கிங் பாயின்டை ஒவ்வொரு மீட்டராகத் திரும்பத் தள்ளிக்கொண்டு போகலாம்.

அப்புறம் லைன், அதாவது வளைவில் கார் போகிற பாதை. ட்ராக்கின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள், பணம் கட்டித்தானே போகிறோம். வளைவில் கார் போகிற வட்டத்தின் ஆரம் 40 மீட்டர் என்றால், ஒரு ஜி பிடியுள்ள (காரின் எடை அளவுக்குப் பக்கவாட்டில் பிடிக்கிற) டயரில் அதிகபட்சம் 71 வேகம் போகலாம். வெளியிலிருந்து நுழைந்து உள்ளே தொட்டு மறுபடி வெளியே விரிந்து அதை 50 மீட்டர் ஆக்கினால் அதே டயரில் 80 போகலாம். ஒன்பது கிலோமீட்டர் வேகம், ஒரு பைசா செலவில்லாமல்! டயர் நிச்சயமாக வித்தியாசம் செய்யும், அதை மறுக்கவில்லை, ஆனால் பிடி அதிகமுள்ள டயர் உங்கள் தப்பை மூடி மறைத்துவிடும். பத்து லேப் ஓட்டினால் பத்தும் அரை விநாடிக்குள் வருகிற அளவுக்கு வந்த பிறகு டயர் வாங்குங்கள். எக்ஸாஸ்ட் வேண்டாம்.

என்னுடையது போலோ ஜிடி. நான்கு லேப் வரைக்கும் பிரேக் பிரமாதம். ஐந்தாவது லேப்பில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விட்டது, எப்படியோ நிறுத்தினேன். வொர்க்‌ஷாப்பில் பிரேக் பேட் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கிற கட்டை) நன்றாக இருக்கிறது என்கிறார்கள். பிரேக் பெரிதாகப் போட வேண்டுமா?
– வாசகர், சித்தூர், பாலக்காடு

பேட் நன்றாகத்தான் இருக்கும். கொதித்தது உங்கள் பிரேக் ஆயில். ஆயில் என்று பழக்கத்தில் சொல்கிறோமே தவிர அது எண்ணெய் இல்லை, காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுகிற திரவம். பிரேக் திரவத்தின் தர வகையை டாட் எண்ணால் சொல்வார்கள். புது டாட் 4 திரவம் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். அதே திரவம் நாலு சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீரை இழுத்துக்கொண்டால் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். இடவப்பாதி மழையில் நம் ஊர்க் காற்றில் இருக்கிற ஈரத்தை நினைத்துப் பாருங்கள், இரண்டு மழைக்காலம் பார்த்த திரவத்தோடு ட்ராக்குக்குப் போவது ஆபத்து. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி வரும், குமிழி அமுங்கும், நீங்கள் மிதிக்கிற மிதியெல்லாம் அந்தக் குமிழியை அமுக்குவதிலேயே போய்விடும்.

ஒரு தடவை பிரேக் பிடித்தால் எவ்வளவு சூடு வருகிறது என்பதைக் கணக்காகப் பார்த்தால்தான் உறைக்கும். உங்களையும் சேர்த்து 1,200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 140-லிருந்து 70-க்கு ஒரு தடவை இறங்கும்போது வருகிற சூட்டில், குடத்துத் தண்ணீர் இரண்டு லிட்டருக்கு மேல் கொதிக்கவைத்துவிடலாம். அதுவும் இரண்டரை விநாடிக்குள்! இதில் பெரும்பகுதி முன் சக்கர டிஸ்க்கில் போய் உட்காருகிறது, உங்கள் காரில் பின்னால் டிரம்தான். அடுத்த வளைவில் மறுபடி இரண்டு லிட்டர். நீளமான ட்ராக்கில் நடுவில் கொஞ்சம் காற்று வாங்கும், கரியில் அந்த இடைவெளியும் குறைவு.

எனவே பெரிய பிரேக் வேண்டாம். ட்ராக் டேக்கு முந்தின வாரம் திரவத்தை முழுக்க மாற்றுங்கள், நல்ல டாட் 4 போதும், டாட் 5.1 போட்டால் 260 டிகிரி வரை தாங்கும். டாட் 5 என்று ஒன்று இருக்கிறது, அது சிலிக்கான், பெயர் ஒன்றுபோல இருக்கிறதே என்று அதை ஊற்றிவிடாதீர்கள். திறந்து வைத்த பாட்டிலில் மிச்சம் இருப்பதையும் ஊற்றாதீர்கள், அது அலமாரியில் இருக்கும்போதே ஈரத்தை இழுத்திருக்கும். வேகமாக நான்கு லேப், அப்புறம் பிரேக்கைத் தொடாமல் ஒரு லேப் ஆற விட்டு வெளியே வாருங்கள். பிட்டில் (ட்ராக் ஓரத்தில் கார் நிறுத்துகிற இடத்தில்) நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக்கை இழுக்காதீர்கள், சூட்டில் டிரம்மும் பிரேக் ஷூவும் ஒட்டிக்கொள்ளும். ஆட்டோமேட்டிக் என்றால் பார்க் (P) நிலையில், மேனுவல் என்றால் கியரில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு செங்கல் வையுங்கள். அப்புறம் வீல் போல்ட். போலோவுக்கு 120 நியூட்டன் மீட்டர். முதல் செஷன் முடிந்து ஆறியதும் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி பார்த்துவிடுங்கள்.

ஆமாம், முதல் கேள்விக்குச் சொன்ன பதில் உங்களுக்கும்தான். பிரேக்கை இழுத்து இழுத்துப் பயந்து பயந்து நீளமாகப் பிடிப்பவரின் பிரேக்தான் அதிகம் சூடாகும். அழுத்தமாகப் பிடித்து ஒழுங்காக விடுங்கள்.

தெருவில் ஓட்டும்போது டயரில் காற்று 33 பிஎஸ்ஐ வைக்கிறேன். ட்ராக்கில் முதல் இரண்டு லேப் நன்றாகப் பிடிக்கிறது, ஐந்தாறு லேப்புக்கு அப்புறம் சோப்புத் தண்ணீரில் ஓட்டுகிற மாதிரி வழுக்குகிறது. காற்றைக் குறைக்க வேண்டுமா, கூட்ட வேண்டுமா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.
– வாசகி, கொல்லங்கோடு

குறைக்க வேண்டும், ஆனால் வீட்டிலேயே குறைத்துக்கொண்டு போகாதீர்கள். ஒவ்வொரு ஐந்தரை டிகிரி சூட்டுக்கும் ஏறத்தாழ ஒரு பிஎஸ்ஐ ஏறும். நீங்கள் வைத்த 33 ஆறு லேப்பில் 40 ஆகியிருக்கும், டயர் நடுவில் உப்பி, தரையைத் தொடுகிற பரப்பு சுருங்கியிருக்கும். செஷன் முடிந்து வந்த உடனே, ஆறுவதற்குள், சொந்த மீட்டர் வைத்து அளந்து, நான்கு டயரிலும் ஒரே அளவுக்குக் கொண்டு வாருங்கள். 35, 36-லிருந்து தொடங்கிப் பாருங்கள்.

அளவு சரிதானா என்பதை டயரே சொல்லும். டயரின் ஓரத்தில், பட்டையும் பக்கச் சுவரும் சேருகிற இடத்தில், பல டயர்களில் சின்ன முக்கோணக் குறி இருக்கும். அதன் குறுக்கே வெள்ளைச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு ஓட்டுங்கள். வந்து பார்க்கும்போது சாக்பீஸ் முக்கோணத்தின் முனை வரைக்கும் அழிந்திருந்தால் சரி. முனையைத் தாண்டிப் பக்கச் சுவரிலும் அழிந்திருந்தால் காற்று குறைவு, டயர் மடங்குகிறது. முனைக்கு எட்டவே இல்லை என்றால் இன்னும் கொஞ்சம் இறக்கலாம். சித்திரை வெயிலில் ஒரு அளவு வரும், ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாயில் அடித்துக்கொண்டு வருகிற மாதங்களில் வேறு அளவு வரும், தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வீடு திரும்பும் முன் மறக்காமல் காற்று அடிக்க வேண்டும். சூட்டில் 35-க்கு இறக்கியது ஆறினால் 28, 29-க்கு வந்துவிடும், அதோடு ஹைவேயில் போகக் கூடாது.

அண்ணா, நான் காலேஜில் படிக்கிறேன். அப்பாவின் ஸ்விஃப்ட்தான் இருக்கிறது. ட்ராக் டேக்குக் கட்டப் பணம் இல்லை. நண்பர்கள் ராத்திரியில் நெல்லியாம்பதி மலை ரோட்டில் பழகலாம் என்கிறார்கள். லைன், பிரேக்கிங் எல்லாம் அங்கேயே கற்றுக்கொள்ள முடியுமா?
– வாசகர், கோவிந்தாபுரம்

போகாதே தம்பி. வயதில் சின்னவன் என்பதால் நீ என்றே எழுதுகிறேன். ட்ராக்கில் தப்பு செய்தால் கார் மண்ணில் போய் நிற்கும், ட்ராக்கைக் கவனிக்கிற மார்ஷல் கொடி காட்டுவார், ஆம்புலன்ஸ் பத்தடியில் நிற்கும். மலை ரோட்டில் எதிரே வருவது எஸ்டேட் வேலை முடிந்து திரும்புகிற ஒருவரின் ஜீப். நீ லைன் எடுப்பதற்காக உபயோகிக்கிற அந்த எதிர்ப்பக்கம் அவருடைய ரோடு. அதோடு, முழு அகலத்தை எடுத்துக்கொள்ள முடியாத ரோட்டில் லைனைக் கற்றுக்கொள்ளவே முடியாது, தப்பான பழக்கம்தான் ஒட்டும்.

ஆனால் காலைப் பழக்க ட்ராக் தேவையில்லை, வேகமும் தேவையில்லை. அப்பாவின் ஸ்விஃப்டில் கடைக்குப் போய் வரும்போது, ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும், நின்ற நொடியில் கார் முன்னும் பின்னும் குலுங்காமல் நிற்கப் பழகு. கடைசி ஒரு மீட்டரில் பெடலை மெல்ல விட்டுக்கொண்டே வந்தால்தான் அது வரும். பின் சீட்டில் பாட்டி தூங்கிக்கொண்டு வர வேண்டும், விழிக்கக் கூடாது. ஒரு மாதம் இப்படி 30, 40 வேகத்தில் பழகியவனின் கால், ட்ராக்கில் முதல் நாளே வேறு மாதிரி வேலை செய்யும், இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கையில் காசு சேரும்போது கோ-கார்ட் ஓட்டு, கோவையிலேயே இருக்கிறது.

சக்தி குறைந்த காரில் கற்றுக்கொள்கிறோமே என்று வருத்தப்படாதே. அந்தச் செட்டிபாளையம் ட்ராக்குக்குப் பெயர் கொடுத்த எஸ். கரிவரதன், மாருதி என்ஜினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார்களைக் கட்டினார், இளைஞர்கள் கட்டுப்படியாகிற செலவில் ரேஸுக்கு வரட்டும் என்று. ஃபார்முலா மாருதி என்ற அந்த வகையில்தான் கோவை நரேன் கார்த்திகேயன் தன் முதல் ரேஸை ஓட்டினார், 2005-இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் வரை போனார். கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் போய்விட்டார், 2003-இல் திறந்த ட்ராக்கை அவர் பார்க்கவில்லை. நீ அங்கே முதல் தடவை நுழையும்போது அவரை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்.

போனில் லேப் டைமர் ஆப் வைத்து ஓட்டுகிறேன். ஒரே மாதிரி ஓட்டியது போலத்தான் இருக்கிறது, ஆனால் நேரம் ஏறி இறங்கிக் காட்டுகிறது. ஆப்பை நம்பலாமா?
– வாசகர், வாளையார்

மொத்த லேப் நேரத்தை ஓரளவு நம்பலாம், உள்ளே இருக்கிற விவரத்தை நம்ப வேண்டாம். பல போன்களின் ஜிபிஎஸ் விநாடிக்கு ஒரு தடவைதான் இடத்தைப் பதிகிறது. 100 வேகத்தில் ஒரு விநாடிக்குள் கார் 28 மீட்டர் போய்விடும், நீங்கள் பிரேக் பிடித்த இடம் அந்த 28 மீட்டருக்குள் எங்கே என்று போனுக்குத் தெரியாது. தனியாக 10 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்குப் பத்து தடவை பதிகிற, ஜிபிஎஸ் கருவி வாங்கிப் போனோடு இணைத்தால் மூன்று மீட்டருக்கு ஒரு புள்ளி கிடைக்கும், வேகக் கோடு தெளிவாக வரும். பணம் போடுவதென்றால் எக்ஸாஸ்டுக்கு முன்னால் இதில் போடுங்கள் என்பேன்.

வேகக் கோட்டில் ஒன்றைத்தான் பார்க்க வேண்டும்: ஒவ்வொரு வளைவிலும் கோடு கீழே இறங்கி மறுபடி ஏறுகிற அந்தப் பள்ளம் எப்படி இருக்கிறது? கத்தி முனை மாதிரி இருந்தால் நன்று, அல்லது அரைவட்டமாக மெல்ல வளைந்திருந்தாலும் பரவாயில்லை. பள்ளத்தின் அடியில் கிணற்றுத் தரை மாதிரி ஒரு தட்டையான இடம் இருந்தால், அவ்வளவு நேரம் நீங்கள் பிரேக்கிலும் இல்லை, ஆக்ஸிலரேட்டரிலும் இல்லை, சும்மா இருந்திருக்கிறீர்கள். பெரும்பாலும் அதற்குக் காரணம் பிரேக்கைச் சீக்கிரமே முழுக்க விட்டுவிட்டதுதான். ஆனால் ஓட்டும்போது திரையைப் பார்க்கவே பார்க்காதீர்கள். அதைத் துணி போட்டு மூடிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது எடுத்துப் பாருங்கள். போனை ஒழுங்காகப் பூட்டுகிற மாதிரி மாட்டுங்கள். எனக்கு ஒரு தடவை சீட்டுக்கு அடியில் இருந்த தண்ணீர் பாட்டில் உருண்டு வந்து பிரேக் பெடலுக்குக் கீழே நின்றுவிட்டது, நல்லவேளையாக அது வெறும் பாட்டில், நசுங்கிவிட்டது. அன்றிலிருந்து காருக்குள் ஒரு பேனா கூட விடுவதில்லை.

ட்ராக்கில் அடிபட்டால் இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?
– வாசகர், வேலந்தாவளம்

கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். நம் நாட்டு மோட்டார் பாலிசியில் வண்டியை எதற்கெல்லாம் உபயோகிக்கலாம் என்ற பகுதியை எடுத்துப் படியுங்கள், ஒழுங்கு செய்யப்பட்ட ரேஸ், வேகச் சோதனை போன்றவை அதில் விலக்கப்பட்டிருக்கும். நொறுங்கினால் சொந்தக் காசில் சரிசெய்ய முடிகிற காரைத்தான் ட்ராக்குக்குக் கொண்டுபோக வேண்டும். அப்புறம், கேரளப் பதிவு வண்டியில் கண்டபடி மாற்றம் செய்துகொண்டு ரோட்டில் ஓட்டிப் போகாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு அனுமதியில்லாத மாற்றத்தைத் தடுக்கிறது, கேரளத்தில் அதைக் கண்டிப்பாகப் பார்க்கிறார்கள்.

நாங்கள் ஆந்திர எல்லையில் இருக்கிறோம். கோவை தூரம். சென்னைப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ட்ராக்குக்கும் நீங்கள் சொல்வதெல்லாம் பொருந்துமா?
– வாசகர், சத்தியவேடு

பொருந்தும், ஆனால் அங்கே எல்லாம் பெரிது. 1990-இலிருந்து நடக்கிற அந்த ட்ராக் 3.7 கிலோமீட்டர், ஸ்ட்ரெய்ட் நீளம், வேகம் அதிகம், வேகம் கூடினால் பிரேக்கின் சூடு வேகத்தின் வர்க்கமாகக் கூடும். திரவத்தையும் பேடையும் இன்னும் கவனமாகப் பாருங்கள். வேகமான வளைவுகளில் பிரேக் விடுகிற நேரம் குறுகிவிடும், ஆனால் அங்கேதான் அது இன்னும் மென்மையாக இருக்க வேண்டும், 130-இல் சட்டென்று விட்டால் கார் சட்டென்று பதில் சொல்லும். நீங்கள் சென்னை வருகிற வழியில் இருக்கிற சோழவரத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் பல வருஷம் ரேஸ் நடந்தது அங்கேதான். உங்கள் ஊர்ப் பெரியவர்களில் யாராவது வெயிலில் நின்று பார்த்திருப்பார்கள், கேட்டுப் பாருங்கள், நிறையச் சொல்வார்கள்.

பின்சக்கர ட்ரைவ் பிஎம்டபிள்யூ 3 சீரிஸ். வளைவுக்குள் வேகம் அதிகமாகிவிட்டது போலத் தோன்றியதும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். கார் அப்படியே சுற்றிப் பின்பக்கமாக மண்ணில் போய் நின்றது. ஒன்றும் அடிபடவில்லை. ஆனால் அதற்கப்புறம் எல்லா வளைவிலும் பயமாக இருக்கிறது, நேரம் மூன்று விநாடி கூடிவிட்டது. நான் செய்தது என்ன தப்பு?
– வாசகர், பொள்ளாச்சி

பயம் வந்தது நியாயமே, அதை விரட்ட வேண்டியதில்லை, காரணம் தெரிந்தால் அது தானாக அளவுக்கு வந்துவிடும். வளைவுக்கு நடுவில் டயர்கள் முழுப் பிடியையும் திரும்புவதற்கே செலவழித்துக்கொண்டிருந்தன. நீங்கள் காலை எடுத்ததும் என்ஜின் காரைப் பிடித்து இழுத்தது, பாரம் முன்னால் ஓடியது, பின் டயர் காலியானது. வழியில் போகிற ஆட்டோவின் பின்னால் ஏறியிருந்த ஆள் திடீரென்று குதித்தால் எப்படி, அப்படி. பிரேக்கைச் சட்டென்று விட்டால் முன்பக்கம் பிடி போகிறது, ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விட்டால் பின்பக்கம் பிடி போகிறது; தப்பு இரண்டிலும் அந்தச் சட்டென்று என்பதில்தான். அடுத்த முறை வேகம் அதிகம் என்று தோன்றினால் காலை முழுக்க எடுக்காதீர்கள், கால் பங்கு மட்டும் தளர்த்தி, கண்ணைப் போக வேண்டிய பக்கம் வைத்து, ஸ்டியரிங்கை அப்படியே பிடித்திருங்கள். பெரும்பாலும் கார் தானே உள்ளே வந்துவிடும்.

அடுத்த ட்ராக் டேயின் முதல் செஷனில் டைமரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். கார் வழுக்கிச் சுற்றாமல் பார்த்துக்கொள்கிற ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலை அணைக்க வேண்டாம். சுற்றிய அதே வளைவில், மற்றவர்கள் தாண்டிப் போனால் போகட்டும் என்று வழி விட்டு, பத்து வேகம் குறைவாக நுழைந்து, ஆக்ஸிலரேட்டரை மெல்லத் தளர்த்தவும் மெல்ல ஏற்றவும் மட்டும் பழகுங்கள். பின்பக்கம் லேசாகி லேசாகிக் கனக்கிறதை இடுப்பில் உணர முடியும், உணரத் தொடங்கிய பிறகு வேகம் கூட்டலாம்.

மறுபடி சுற்றிவிட்டால், பிரேக்கை முழுக்க மிதித்து, நிற்கும்வரை காலை எடுக்காதீர்கள். உங்களுடையது ஆட்டோமேட்டிக், மேனுவல் வைத்திருப்பவர்கள் க்ளட்சையும் சேர்த்து மிதிக்க வேண்டும். பிரேக் பிடித்த கார் ஒரே திசையில் வழுக்கும், பின்னால் வருபவருக்கு எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியும். நின்றதும் பெல்ட்டைக் கழற்றாதீர்கள், இறங்காதீர்கள். மார்ஷல் கை காட்டிய பிறகு மெல்லக் கிளம்பி நேராக பிட்டுக்கு வந்து, டயர் ஓரத்தில் புல்லோ கல்லோ செருகியிருக்கிறதா, வீல் போல்ட் சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, அடுத்த செஷனுக்கு வரிசையில் நில்லுங்கள்.